சரக்கு அரைக்க ஆள் இல்லாத வீடு

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்ததும் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். இருக்கிற வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. வேலிக்கு அங்கால் பெரியம்மா, ஒழுங்கை முடிவில் சின்னம்மா. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.

குடும்பநல உத்தியோகத்தராக, ஊர் வாயில் மிட்வைஃப் மிஸ்ஸாக, என் உழைப்புக் காலம் முழுவதையும் இந்தக் கரைகளில் கழித்து ஓய்வு பெற்றவள் நான். பதினெட்டு மாதப் பயிற்சியில் கருப்பையைத் தொட்டுப் பார்க்கவும், பிள்ளையை நிறுக்கவும், பதிவேடு எழுதவும் சொல்லித் தந்தார்கள். ஆனால் நாங்கள் செய்யும் வேலையில் பாதியை வீட்டில் இருக்கிற ஒரு அம்மம்மாதான் செய்கிறார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அது வேலைக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அம்மம்மா இல்லாத வீடுகளுக்குப் போன பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்பது விதி. கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இரத்தப்போக்கு எப்படி, காய்ச்சல் உண்டா, மார்பில் பால் கட்டியிருக்கிறதா, பிள்ளையின் தொப்புள் காய்ந்ததா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்போம். உள்ளூர்ப் பெண் என்றால் நான் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவளுடைய தாயே பதில் சொல்லிவிடுவார். குசினிப் பக்கம் அம்மிச் சத்தம் கேட்கும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி, கொஞ்சம் திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்த்து வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைப்பார்கள். சுறா கிடைத்துவிட்டால் சுறாவறை, பால் ஊறுவதற்கு. சரக்கு அரைப்பது இலேசான வேலை இல்லை. கை மாற்றிக் கை மாற்றி இரண்டு பேர் அரைக்கவேண்டும். அரைக்கிறவர்கள் கதைத்துக்கொண்டே அரைப்பார்கள். அந்தக் கதையில்தான் எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுப்பூசி, எந்த டொக்டர் நல்லவர், யாருக்குச் சமுர்த்தி உதவிப்பணம் வெட்டுப்பட்டது எல்லாம் வரும். (பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காக எத்தனையோ அம்மம்மாக்களோடு சண்டை பிடித்திருக்கிறேன்.)

பிள்ளை பெற்று நாலாம் நாள் அந்தப் பெண்ணே எழுந்துவந்து வேலிக் கடப்பைத் திறந்தால், கையில் கிணற்றுத் தண்ணீர் ஈரம் இருந்தால், எனக்கு விளங்கிவிடும். இந்த வீட்டில் சரக்கு அரைக்க ஆள் இல்லை. இவள் வெளியூர்.

வெளியூர் என்றால் பலவிதம். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிழக்குக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் மக்கள் ஒரு பக்கம். கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும் வேலை செய்யப்போன எங்கள் பொடியன்மார் அங்கே கண்டு கட்டிக்கொண்டு வந்த பெண்கள் இன்னொரு பக்கம்: அட்டன், பதுளை, யாழ்ப்பாணம், சில வேளை பொலன்னறுவையிலிருந்து வந்த சிங்களப் பெண். 2006இல் மாவிலாற்றுச் சண்டையோடு சம்பூர், மூதூர் கிழக்கிலிருந்து நடந்தே வாகரைக்கு வந்து, வாகரையும் போனபின் மட்டக்களப்புக்கு வந்தவர்கள். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவர்கள். இவர்களில் யாரும் கடல் கடந்து வந்தவர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தமிழ்தான் பேச்சு. ஆனாலும் தாய்வழியை வைத்தே ஒழுங்கை போட்ட ஊரில், தாய் இல்லாமல் வந்து இறங்கிய பெண்ணுக்கு ஊர் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஆக நோகிற இடம் குடி, அதாவது தாய்வழிக் குலம். எங்கள் பக்கத்தில் குடி தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று உபயம் இருக்கும். கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கர் பதவியும் அப்படித்தான். தகப்பன் ஊர்க்காரன்தான், பெரிய குடிதான். ஆனால் தாய் தலவாக்கலை என்றால் பிள்ளை எந்தக் குடி? கேள்வி கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயிலில் கூடியிருக்கும்போது, இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, ஊர்க் கிழவி சாதாரணமாகத்தான் கேட்பார். அதற்கு மறுமொழி இல்லாத பெண் அடுத்த வருடம் சடங்குக்கு வரமாட்டாள். அதற்கு அடுத்ததாகக் கிளினிக்குக்கும் வரப் பிந்துவாள். இது என் கணக்கு. ஆய்வு ஒன்றும் இல்லை.

அரசாங்கக் கடதாசிகளும் அவளைத் துரத்தும். கிளினிக்குக்கு யாரும் வரலாம். எங்கள் பக்கத்தில் தடையில்லை. ஆனால் கர்ப்பிணித் தாய்மாருக்கு 20,000 ரூபா பெறுமதியான போஷாக்குப் பொதி என்று திட்டம் வந்தபோது, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும் என்றார்கள். அவர் வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார். இவள் பெயர் இன்னும் தோட்டத்து முகவரியில் இருக்கும், அல்லது எங்குமே இராது. பிள்ளையின் பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும். விவாகச் சான்றிதழ் இல்லையென்றால் தகப்பன் பெயர் எழுதுவதில் சிக்கல். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் பரம்பரையாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பங்குபோடப்பட்டு, 2003இல்தான் எஞ்சியவர்களின் குடியுரிமை சட்டப்படி தீர்ந்தது. பாட்டி இரும்புப் பெட்டியில் கடதாசிகளைச் சுற்றிச் சுற்றி வைத்ததைப் பார்த்து வளர்ந்த பெண், அலுவலக வாசலில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பினால் மறுபடி போகமாட்டாள். போ போ என்று நான் சொல்லிப் பிரயோசனமில்லை. கூடப் போக ஒரு ஆள் வேண்டும்.

முகாம்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை தொடங்கியதும் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. அப்போது மண்முனையில் பாலம் இல்லை. 2014இல்தான் ஜப்பான் உதவியில் பாலம் திறந்தார்கள். அதற்கு முன்பு மிதவைப் பாதையும் தோணியும்தான். சம்பூர், வாகரைச் சனத்தோடு இவர்களும் சேர, மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. பாடசாலை, மரநிழல், கூடாரம் எல்லாம் கிளினிக் ஆனது. மரக்கிளையில் தராசைக் கொழுவிப் பிள்ளைகளை நிறுத்தோம். ஆட்பற்றாக்குறையில் இரண்டு மூன்று பகுதிகளை ஒருவரே பதில் கடமையாகப் பார்த்த காலம்.

துன்பம் சொல்லி முடியாது. ஆனால் நான் அங்கே காணாத ஒன்று தனிமை. முகாமில் எல்லோரும் வெளியூர். சம்பூர்ப் பெண்ணும் கொக்கட்டிச்சோலைப் பெண்ணும் ஒரே தண்ணீர்த் தாங்கி வரிசையில் நின்றார்கள். ஒருத்தி பிள்ளையை மற்றவள் தூக்கினாள். குடி கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. படுவான்கரைச் சனம் ஊர் திரும்பிய பிறகுதான் மற்றவர்கள் தனித்தார்கள். சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகி, அங்கே திரும்பிப்போக 2015க்குப் பிறகுதான் வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் கூலி வேலைக்கு வசதியான இடமாகப் பார்த்து வாடகைக்கோ, உறவு சொல்லியோ ஒதுங்கியவர்கள் வாவிக்கரைக் கிராமங்களில் அங்கொன்று இங்கொன்றாக ஆனார்கள். உதவி நிறுவனங்களின் வாகனங்களும் முகாமோடு நின்றுவிட்டன. முகாம் மூடியதும் பிரச்சினை முடிந்தது என்று அறிக்கை எழுதியவர்கள் இதைப் பார்த்திருக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு நடந்ததும் இதன் இன்னொரு முகம். 2004 டிசம்பர் 26இல் நாவலடி அழிந்தது. மிஞ்சிய சனத்தைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். வீடுகள் நல்ல வீடுகள்தான். ஆனால் வரிசை வரிசையாகக் கட்டி, பட்டியலின்படி கொடுத்தபோது தாய்க்கு ஒரு அந்தத்தில் வீடு, மகளுக்கு மறு அந்தத்தில் வீடு என்று அமைந்தது. பரம்பரையாகப் பெண்ணின் பேரில் இருந்த உறுதி, புது வீட்டில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பேருக்குப் போனது. ஒரே ஊர்ச் சனத்தையே வெளியூர்ச் சனமாக்க இவ்வளவு போதும். அந்த நாட்களில் திராய்மடுப் பக்கம் கடமைக்குப் போன தோழி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "இஞ்ச எல்லாரும் ஆரையோ பறிகுடுத்த சனம்கா. ஆனா சரக்கரைக்க ஒரு கை தேடினா ரெண்டு ஒழுங்கை நடக்கோணும்."

இந்தக் குறைக்கு அரசாங்கத்திடமும் ஒரு பதில் இருந்தது. தாய்மார் ஆதரவுக் குழு என்று ஒன்றைச் சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் நாடு முழுக்கச் செய்யச் சொன்னது. ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தரும் தன் பகுதியில் அமைக்கவேண்டும். தலைவி, செயலாளர், கூட்டக் குறிப்பு, வரவு இடாப்பு எல்லாம் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அமைத்துப் பார்த்தால் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, முன்பள்ளி ரீச்சர், கடைக்கார முதலாளியின் மனைவி, அவருடைய தங்கை, அந்தத் தங்கையின் மச்சாள். யாருக்கு ஆதரவு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருந்ததோ அவர்களே ஆதரவுக் குழுவும் ஆனார்கள். வெளியூர்த் தாய்மாரை வீட்டுக்கு வீடு போய் அழைத்தேன். "வாறேன் மிஸ்" என்பார்கள். வரமாட்டார்கள். கூட்டம் என்றால் சீட்டுக் கட்டச் சொல்வார்கள் என்று பயம் ஒருத்திக்கு. உடுத்திப்போக நல்ல சட்டை இல்லை இன்னொருத்திக்கு. பலருக்கு, போய் என்ன கதைக்கிறது என்பதே கேள்வி.

இதை மாற்றியது நான் இல்லை. எங்கள் மேலதிகாரிகளும் இல்லை. எழுபது வயது தாண்டிய ஒரு நாட்டு மருத்துவிச்சி. வைத்தியசாலைக்குப் போக வழியில்லாமல் சனம் அடைபட்டிருந்த காலத்தில் படுவான்கரையில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர். அரசாங்கக் கணக்கில் அவருக்கும் எனக்கும் பகை இருந்திருக்க வேண்டும்; நாங்கள் வெற்றிலை மாற்றிக்கொள்ளும் சிநேகிதம். அவரிடம் என் புலம்பலைச் சொன்னேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கூட்டத்துக்குக் கூப்பிட்டா ஆரு வருவா புள்ள? வேலைக்குக் கூப்பிடு. மறுகா பாரு."

அடுத்த கிழமையே அவர் செய்துகாட்டினார். மலையகத்திலிருந்து வந்த ஒரு தாய், இரண்டாவது பிள்ளை பெற்று ஐந்தாறு நாள். புருஷன் மேசன் வேலைக்குப் போய்விடுவான். மூத்தது மூன்று வயது. அந்த வீட்டுக்கு மருத்துவிச்சிக் கிழவி ஒரு கடகத்தில் சரக்குச் சாமானோடு போனார், நானும் கூடப் போனேன். அங்கே அம்மி இல்லை. அடுத்த வளவுக்குப் போய், அந்த வீட்டு அம்மியில் அரைக்கிறோம் என்று உரிமையோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வளவுக்காரிகள் நாலு வருடமாக அந்தப் பெண்ணோடு நின்று கதைத்ததில்லை. பகை ஒன்றுமில்லை, கதைக்க ஒரு முகாந்திரம் இல்லை. இப்போது தங்கள் அம்மியில் அவளுக்குச் சரக்கு அரைபடுகிறது. கிழவி வேண்டுமென்றே பாதியில் கை நோகுது என்று குழவியை விட்டார். வளவுக்காரி வந்து மிச்சத்தை அரைத்தாள். அரைத்ததை அவளே கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறகு அந்தத் தாயிடம் ஊர் எப்படி என்று கேட்டபோது அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. "அங்க லயத்துல செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுனாக்கூடக் கேக்கும் மிஸ். எரிச்சலா இருக்கும். இங்க வளவு பெருசு. ராத்திரி புள்ளைக்குக் காச்சல்னா யாரக் கூப்புடுறதுன்னே தெரியல." தோட்டத்து லயத்து அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதை வசதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் இழந்தது எது என்பதை அவள் சரியாகத்தான் சொன்னாள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் அன்று தெரிந்தது. அவளுடைய தாய் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்க்கும் இடம் அது. இவள் சிறு வயதிலிருந்தே தாயோடு இருபது பிள்ளைகளை மேய்த்துப் பழகியவள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது. தேவையும் இருந்ததில்லை, அம்மம்மா இருந்தபடியால். ஆனால் வெள்ளாமை வெட்டுக் காலத்திலும், கச்சான் பிடுங்கும் காலத்திலும், கிளினிக் நாளிலும் மூத்த பிள்ளைகளை எங்கே விடுவது என்று தடுமாறாத பெண் இல்லை. அம்மம்மாக்கள் இருந்த வீடுகளிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. மகள் மத்திய கிழக்குக்குப் போய், ஒரே அம்மம்மா ஐந்து பேரப்பிள்ளைகளோடு மாரடித்த வீடுகள் உண்டு.

கிளினிக் நாளில் பலநோக்கு மண்டபத்தின் பின் விறாந்தையில் பிள்ளைகளைப் பார்க்கமுடியுமா என்று அவளைக் கேட்டேன். வந்தாள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளைகளை ஒரு பாயில் உட்கார வைத்து, பனங்கொட்டையும் சிரட்டையும் கொடுத்து, தோட்டத்துப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். முதல் மாதம் ஊர்த் தாய்மார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் அவள் வரவில்லையென்றால் தேடினார்கள். ஒருத்தி அவளுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தாள். இன்னொருத்தி, மூத்த பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்கத் தான் கூட வருவதாகச் சொன்னாள். முன்பள்ளிக்குக் கொண்டுபோனவள் பிரதேச செயலகத்துக்கும் கொண்டுபோனாள். கிராம உத்தியோகத்தரின் இடாப்பில் அவள் பெயர் ஏறியது.

அதற்குப் பிறகு நான் குழு நடத்திய முறை வேறு. வெளியூர்த் தாய் என்று கண்டால் என்ன தேவை என்று கேட்பதை விட்டேன். அப்படிக் கேட்டால் ஒன்றுமில்லை மிஸ் என்பாள். என்ன தெரியும் என்று கேட்டேன். சம்பூரிலிருந்து வந்த ஒருத்திக்கு மாட்டுப் பால், தயிர் வேலை கைவந்தது. வன்னிப் பெண் ஒருத்தி விண்ணப்பப் படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரி; முகாம் முகாமாக நிரப்பி நிரப்பிப் பழகிய கை அது. சிங்களம் பேசுகிறவள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் சிங்கள டொக்டரிடம் கதைக்க மற்றத் தாய்மாருக்குத் துணை போனாள். மாதாந்த நிறுவையில் தராசைக் கொழுவுகிற வேலையை ஊர்ப் பெண்களிடம் கொடுக்காமல் இவர்களிடமே கொடுத்தேன். அதில் எனக்கு வேண்டுமென்றே ஒரு பிடிவாதம் இருந்தது. தராசு பிடிக்கிறவளிடம் எல்லாத் தாயும் பிள்ளையைக் கையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

எல்லாம் நல்லபடி நடந்ததாக யாரும் நினைக்கவேண்டாம். ஒரு புருஷன் மனைவியை அடித்துக் குழுவிலிருந்து நிறுத்தினான். அப்படியான வேளைகளில் எனக்குக் கைகொடுத்தது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் அகதிப் பெண்களோடு வேலை தொடங்கி மட்டக்களப்புக்கு வந்து நிலைத்த அமைப்பு அது. வழக்கு, தங்குமிடம் என்று வரும்போது மிட்வைஃப் ஒருத்தியால் தனியே ஒன்றும் செய்யமுடியாது.

ஆனால் வெளியூர்த் தாய்மாரைக் குழுவாக்கிய முதல் ஆள் நானில்லை. நுண்கடன் கொம்பனிகள். அவர்கள் குடி கேட்கவில்லை, வாக்காளர் இடாப்பு கேட்கவில்லை; அடையாள அட்டைப் பிரதியும் இன்னும் சில பெண்களின் கையெழுத்தும் இருந்தால் போதும். ஊரில் ஒருத்தியும் வீட்டுக்கு வராத பெண்ணின் வாசலுக்கு மோட்டார்சைக்கிளில் வந்து, அக்கா என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டில் இரவுவரை குந்தியிருக்க வேண்டும். கடன்காரப் பொடியன் தெருவில் நிற்கிற நாளில் கிளினிக்குக்கு வரவு குறையும். காரணம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது, பின்வேலியால் வருவதற்குக் கர்ப்பிணிகளால் முடியாது. 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தீர்ப்பதாக அறிவித்தது. வட்டிக்கும் உச்சவரம்பு வைத்தது. சிலருக்கு ஆறுதல். ஆனால் குழு என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

வெளியூர்த் தனிமை இங்கே மட்டும் இல்லை. என் கையில் பிறந்த பிள்ளை ஒருத்தி இப்போது சுவிஸில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மட்டக்களப்பு வளவில் பிறந்தவள், அங்கே நாலாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். முதல் பிள்ளை பெற்றபோது சரக்கை யூரியூப்பில் பார்த்து மிக்ஸியில் அரைத்தாளாம். அவளைச் சபைக்கு இழுத்தது ஃபாம்-டிஷ் என்ற திட்டம். 1996இல் சூரிச்சில் தொடங்கியது. ஒரு வீட்டில் ஒரு மேசையைச் சுற்றி, சொந்த மொழியில், பிள்ளை வளர்ப்பு, உடல்நலம், பள்ளிக்கூடம் என்று ஒரு விஷயத்தை எடுத்துப் பெண்கள் கதைப்பார்கள். நடத்துகிறவளும் அதே மாதிரி வந்து குடியேறிய ஒரு பெண்தான். பெர்லின் நகரின் நொய்க்கோல்ன் பகுதியிலும் 2004இலிருந்து, வேற்று நாட்டிலிருந்து வந்த தாய்மாரையே பயிற்றுவித்து மற்றத் தாய்மாரின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; கழுத்தில் சிவப்புச் சால்வை அவர்களுக்கு அடையாளம். மருத்துவிச்சிக் கிழவி இவற்றைக் கேட்டிருந்தால் இதிலென்ன புதினம் என்றிருப்பார்.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குச் சுட்டது. அங்கே அதை நடத்தும் பெண்களுக்குக் கொடுப்பனவு உண்டு. எங்கள் குழுத் தாய்மாருக்கு ஒரு பஸ் காசுகூட இல்லை. தொண்டு என்று சொல்லி வாங்கிக்கொள்கிறோம். கூலிக்குப் போனால் அன்றைய அரிசி கிடைக்கும் என்றிருக்கிற பெண்ணின் தொண்டு மிகவும் விலையுயர்ந்த தொண்டு. இதை மாதாந்த மாநாடுகளில் பல தடவை சொல்லியிருக்கிறேன். குறித்துக்கொண்டார்கள்.

2022 பொருளாதார நெருக்கடி இந்தக் குழுக்களை உண்மையில் சோதித்தது. திரிபோஷாச் சத்துமா வருவது நின்றுநின்று போனது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாமல் நாங்களே சைக்கிளுக்குத் திரும்பினோம். நிறை குறைந்த பிள்ளைகளின் பெயர் என் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியது குழுத் தாய்மார். இலைக்கஞ்சிக்கு முசுட்டை, பொன்னாங்காணி, முருங்கை பறித்து, வாவியில் பிடித்த மீனில் ஒரு பங்கு வாங்கி, வளவு மாறி வளவில் காய்ச்சினார்கள். யார் வளவு என்ற முறை வந்தபோது, வாடகை வீட்டில் இருந்த சம்பூர்த் தாயின் பெயரையும் அந்த முறையில் சேர்த்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. விண்ணப்பப் படிவத்தின் நீளத்தைப் பார்த்துப் பயந்த ஊர்ப் பெண்கள், படிவம் நிரப்பத் தெரிந்த அந்த வன்னிப் பெண்ணின் வாசலில் வரிசையில் நின்றார்கள். பிறந்து வளர்ந்த வளவிலிருந்து ஒரு நாளும் அசையாதவர்கள், பத்து இடம் இடம்பெயர்ந்தவளிடம் தங்கள் குடும்ப விபரத்தைச் சொல்லி எழுதுவித்தார்கள். அவளுடைய சொந்த விண்ணப்பம் முதல் சுற்றில் நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீட்டில்தான் கிடைத்தது.

குடிக் கேள்வி தீரவில்லை. ஒரு கோயிலில் மட்டும், ஊர்ப் பெரியவர்கள் கூடி, குடி இல்லாதவர்களும் சேரக்கூடிய பொதுப் பூசை நாளில் வெளியூர்க் குடும்பங்களின் பெயரையும் வாசிக்கத் தொடங்கினார்கள். மற்றக் கோயில்களில் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. பெண்ணின் பேரில் இருந்து ஆணின் பேருக்குப் போன சுனாமி வீட்டு உறுதிகளையும் யாரும் திருப்பி எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

இதை வாசிக்கிற மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருடாந்தக் கூட்டத்தில் நிர்வாகம் தெரிவுசெய்யும்போது, கட்டிக்கொண்டு வந்தவர்கள், இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒருத்திக்குப் பொருளாளர் பதவியைக் கொடுங்கள். உபதலைவி, ஆலோசகர் என்று அலங்காரப் பதவி வேண்டாம். சங்கத்துப் பணத்தையும் சாவியையும் அவள் கையில் கொடுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் ஏறவில்லையென்றால், கிளினிக்கில் நாங்கள் கொடுத்த கர்ப்பகாலப் பதிவட்டையை வதிவிட அத்தாட்சியாக ஏற்கச் சொல்லி உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் கொடுங்கள். அந்த அட்டையில் வீட்டு முகவரியும் நாங்கள் வீட்டுக்குப் போன திகதியும் கையெழுத்தோடு இருக்கின்றன.